பொத்தான் அமுங்குகிறது, பட்டியல் வரவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். பஸ் டிப்போவில் என் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றுதான் சௌக்கியமில்லை. நீங்கள் என்னோடு பேசி ஐந்து மாதமாகிறது. அதைப் பற்றி எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாஸ்வேர்டு. அதைச் சொல்லிவிட்டால் போதும், நேரில் வந்து சிரமப்பட வேண்டியதில்லை.

பழைய ஆபீஸ் சாஃப்ட்வேர் அடிக்கடி நின்றுபோகிறதென்று திங்கட்கிழமை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார், பழையதை எடுத்தார், புதியதைப் போட்டார், "இனிமே பிரச்சினையே வராது சார்" என்று சொல்லி எனக்கு வந்த டீயையும் குடித்துவிட்டுப் போனார். மூன்று வருடம் முன்பு நீங்கள் செய்து கொடுத்த டியூட்டி பட்டியலைத் திறந்து பொத்தானை அமுக்கினேன். நாற்பது டிரைவருக்கும் மூன்று டைம் கீப்பருக்கும் ஒரு வாரத்து ஷிஃப்டைக் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போடுகிற பொத்தான், மேக்ரோவை, அதாவது தனக்குப் பின்னால் வேலை செய்கிற புரோகிராமை, முடக்கிவிட்டேன் என்கிறது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "ஃபைல் நம்பகமான இடத்துல இல்ல சார்" என்கிறார். இருபத்தெட்டு வருடமாக நான் உட்காரும் இடம் மாப்பிள்ளை, நம்பகமில்லையாம்! சரி, அவர் சொன்னபடியே வேறு ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டரை நம்பும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி, மறுபடி அமுக்கினால், இப்போது ஏதோ லைப்ரரியைக் காணோமாம். பழைய சாஃப்ட்வேரோடு இருந்த ஒரு துணைப் பகுதி புதியதில் இல்லை, மேக்ரோ இன்னும் அதையே தேடுகிறது, உள்ளே போய் அதற்கு நேராக இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள் என்றார் மெக்கானிக். உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. பூட்டுப் போட்டது நீங்கள். மகளின் பிறந்த நாளை அடித்தேன், உங்கள் பைக் நம்பரை அடித்தேன், அவ்வளவு மரியாதை இருக்காதென்று தெரிந்தும் கடைசியில் என் பெயரையே அடித்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

கையால் எழுதிப் பார்த்ததில், பதினேழாம் நம்பர் டிரைவர் நெட்டையன் ஒரே நேரத்தில் இரண்டு பஸ் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு ஆளே இல்லை. பார்த்துவிட்டு மேனேஜர், "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பட்டியல் போர்டுல இல்லைன்னா, இந்த வேலைய மீசைக்காரர்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். மீசைக்காரர் என்னோடு இருக்கும் இன்னொரு டைம் கீப்பர். "உங்களுக்கு மட்டும் எப்படி ஞாயித்துக்கிழமை டியூட்டியே விழமாட்டேங்குது?" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர். "மெஷினுக்கு மாமன் மச்சான் தெரியாதுய்யா" என்று ஒவ்வொரு தடவையும் அவர் வாயை அடைத்திருக்கிறேன். பட்டியல் கைமாறினால் டிப்போவில் எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதையும் போய்விடும்.

உங்கள் அத்தையிடம் புலம்பினால் அவள் வேறு, "அன்னைக்கு சாப்பிட உக்காந்த எடத்துல, இந்தப் பொத்தானை எவன் வேணா செய்வான்னு மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே, அந்த எவனையாவது கூப்பிட்டுக் கேளுங்க" என்கிறாள். அது நான் பேச்சுவாக்கில் சொன்னது. அதற்காக அன்று முதல் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அனுப்பி வைப்பது உங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. என்னுடையது என்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை நெட்டையனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தெருமுனை நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் நிற்பார். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் பல்லாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் அத்தை போன் செய்தாள். "பாஸ்வேர்டா தேடுறீங்க? சமையலறை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் மாப்பிள்ளை பட்டியல் செஞ்சு குடுத்த அன்னைக்கே எழுதி ஒட்டினாரே! பொத்தான் பொத்தான்னு புலம்பினீங்களே, பாஸ்வேர்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" உங்கள் கல்யாணத் தேதியாம். அந்தத் தேதி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை மகளிடம் சொல்ல வேண்டாம். டிக்கை எடுத்தேன், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் உள்ளே பச்சை நிறத்தில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்த ஒரு வரியைப் பார்த்தேன்: "மாமாவுக்கு ஞாயிறு டியூட்டி போடாதே. அவ அப்பாவைப் பார்க்க வர்றது அன்னைக்குத்தான்."

மூன்று வருடம் மீசைக்காரரிடம் என்னென்ன பேசியிருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது. அந்த வரியையும் அதற்குக் கீழே இருந்த கட்டளையையும் நானே எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். வருகிற ஞாயிறு, காலை ஆறு மணி ஷிஃப்ட், முதல் ஆள் நான்தான். ஆகையால் சனிக்கிழமை வாருங்கள், இரண்டு பேருமாக. நெட்டையன் ஹாரன் அடிக்கிறார், கடிதத்தை முதலிலிருந்து மாற்றி எழுத நேரமில்லை. மேலே இருப்பதைப் படிக்காதீர்கள். பொத்தானை எவன் வேண்டுமானாலும் செய்வான். அந்த வரியை எவனும் எழுதமாட்டான், மாப்பிள்ளை.