சின்னப்பர் பக்கத்து ஊருக்குப் போன கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஸ்பீரு அவர்களுக்கு,

பிர்லூசாவிலிருந்து தம்பி வென்சு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜூசாவும் அவளுடைய முட்டிவலியும் சௌக்கியம். மெல்போர்னில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க நம் தீவின் பாதுகாவலர் சின்னப்பரை வேண்டிக்கொள்கிறேன். அவரை எந்த ஊரில் போய் வேண்டிக்கொள்வது என்பதில்தான் இப்போது ஒரு சிறு குழப்பம். அதனால், திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, தயவுசெய்து வர வேண்டாம். விமானத்தில் உங்கள் காதடைப்பு என்ன ஆகுமோ என்று எனக்கு ஒரே கவலை.

சரி, காது காரணமில்லை. சொல்லித் தொலைக்கிறேன். அப்பாவின் படகு திரும்பி வராமல் போனதிலிருந்து, "அவருக்குக் கடலுக்கு அடியில் ஒரு துணை வேண்டும்" என்று சொல்லிச் சொல்லி ஆளுயரச் சின்னப்பர் சிலை ஒன்று செய்து அனுப்பினீர்கள் அல்லவா? முகம் நம் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். அதை இறக்கிய மகராசன்கள் பக்கத்து ஊர் விதமாமைப் பார்க்க நிறுத்திவிட்டார்கள். நமக்கு முதுகு. விஷயம் கசிந்ததும், விதமாம் இசைக்குழு மன்றத் தலைவன் பாசிலி படகுத்துறையில் அத்தனை பேர் முன்னாலும், "என்ன வென்சு, ஒங்க சாமிக்கே ஒங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்கலயாமே?" என்றான். நம் ஊர் மன்றத்தில் அன்று ஒருவரும் காப்பி குடிக்கவில்லை. சிலையைத் திருப்புவது, கொடுத்தவர் குடும்பத்தில் ஒருவர் கீழே போய்ச் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. குடும்பத்தில் இங்கே இருப்பது யார்? முழங்கால் நனைந்தாலே செபமாலையைத் தேடுகிற நான்.

ரொட்டிக்கடைக்காரர் மகள் ரோமினாதான் ஊரில் முக்குளிக்கக் கற்றுத் தருகிறவள். "மாமா, மூச்ச மட்டும் நிறுத்திடாதீங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள். நிறுத்த எனக்கென்ன ஆசையா? தண்ணீருக்குள் பேச முடியாதாம், எல்லாம் கைஜாடைதானாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் 'நலம்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போ'. வாரம் முழுக்கப் பழகினேன். சூப்பில் உப்பு சரியா என்று ஜூசா கேட்டால் வட்டம் காட்டினேன். "ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கரண்டியை ஓங்கினாள்.

இன்று காலை என்னை இறக்கினார்கள் அண்ணா. மூழ்கிவிடுவோமோ என்று நடுங்குகிறவன் இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டுகிறார்கள், இது எந்த ஊர் நியாயம்? காது இரண்டும் அடைத்துக்கொண்டது. என் அகலத்துக்கு ஒரு களவா மீன், கடன்காரனைப் பார்ப்பதுபோல் என்னையே முறைத்துக்கொண்டு வந்தது. சின்னப்பர் காலடியில் எட்டுக் கையோடு ஒரு பேய்க்கணவாய் சிப்பிகளைக் குவித்துக் குடித்தனம் நடத்துகிறது. இந்தத் தீவில் கரையேறிய அன்று அவர் கையைக் கவ்வியதே, அந்தப் பாம்பை எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள் என்று கிட்டே போனேன், அது வாயைத் திறந்தது. அங்கியின் மடிப்புக்குள் ஓர் அஞ்சாலை மீன் குடியேறியிருக்கிறது, பாம்பேதான், பல் மட்டும் அதிகம். நான் போட்ட அலறல் குமிழியாகத்தான் மேலே போயிற்று.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணா, அங்கே இருட்டே இல்லை. வெயில் அடிவரை வருகிறது. கடற்புல் மெல்ல அசைகிறது, மேலே சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. அப்பா ஏதோ கும்மிருட்டில் கிடக்கிறார் என்று இத்தனை காலம் பயந்து செத்தேனே! எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்து, காற்றுப்பைகளைக் கட்டிச் சிலையைக் கொஞ்சம் தூக்கி நம் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, சரியா என்று ரோமினா ஜாடையில் கேட்டாள். மனம் நிறைந்துபோய், 'பிரமாதம்!' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இரண்டு கையாலும்.

மேலே போ என்று நானே சொல்லிவிட்டேன். உதவிக்கு வந்தவர்கள் பைகளில் இன்னும் காற்றை நிரப்ப, சின்னப்பர் விர்ரென்று மேலே போனார். படகிலிருந்து கயிறு வீசுவதற்குள் வாடைக்காற்று அவரைத் தள்ளிக்கொண்டு நேரே விதமாம் கரைக்குப் போய்விட்டது. "மாமா, அத்தன தடவ சொன்னேனே!" என்று ரோமினா தலையில் கை வைத்துக்கொண்டாள். கரையில் விதமாம் சனமே முழங்காலில் நிற்கிறது. சிலையைத் திருப்பிக் கேட்டதற்குப் பாசிலி சொல்கிறான்: "அந்தக் காலத்துலயே கப்பல் ஒடஞ்சு அவராத்தான் இந்தத் தீவுக்கு வந்தாரு. இப்பவும் அவராத்தான் வந்துருக்காரு. நாங்க என்ன பத்திரிகை வச்சா கூப்பிட்டோம்?"

இதை எழுதும்போதும் அவர்கள் கோவில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா மறுபடியும் தனியாக இருக்கிறார், அதுவும் என் கட்டைவிரலால். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே வராதீர்கள். நானும் இனிச் செத்தாலும் கடலில் இறங்க மாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். சின்னப்பர் இருக்கிற இடத்திலிருந்தே உங்கள் எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்த தம்பி
வென்சு

பி.கு.: சாயங்காலம் உறையை ஒட்டப் போகும்போது ரோமினா ஓடி வந்தாள். அஞ்சாலை சிலைக்குள்ளேயே இருந்திருக்கிறது! நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவரைத் தண்ணீரிலிருந்து கரை ஏற்றியிருக்கிறார்கள், ஏற்றிய கையோடு பாசிலி மாலை போடப் போயிருக்கிறான், விரலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் சின்னப்பர் பாம்பை உதறியபோது அது நெருப்பில் விழுந்தது. பாசிலி உதறியதில் அவர்கள் மன்றக் கொடிதான் விழுந்தது. அவனுக்கு விரலில் தையல். சாமி கோபித்துக்கொண்டார் என்று பயந்துபோய், அஞ்சாலையோடு சேர்த்து அவரைப் பழைய இடத்திலேயே அவர்களே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள். போட்ட அவசரத்தில் முகம் எந்தப் பக்கம் என்று ஒருவரும் பார்க்கவில்லையாம். நாம் இருவரும் சேர்ந்தே இறங்கிப் பார்த்துவிடுவோம், அப்பா இருக்கிற இடத்தை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் அண்ணா. காதடைப்புக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் போதும். கட்டைவிரலை மட்டும் மடக்கியே வைத்திருங்கள்.