றஹீமாவின் பங்கில் பாசி இல்லை

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில், மண்ணோடு ஒட்டிப் படரும் சாம்பல் பாசி நாட்டில் எங்கெங்கே வசிக்கிறது என்று ஆராய மேலிடம் திருவுளம் கொண்டது. சனம் எப்படி வசிக்குது என்று பார்க்க ஒரு நாளும் வராத ஜீப், பாசியைப் பார்க்க எங்கட வரிப்பத்தான்சேனைக்கு வந்தது.

ஆராய்ச்சித் துரை குளக்கட்டில் குந்திப் பூதக்கண்ணாடி பிடித்தார்.

"அபூர்வம்! மனிதர் கைபடாத மண்ணில்தான் இது வளரும். பத்து வருசமாவது கலையாமல் கிடந்திருக்க வேண்டும்."

குளத்துக்கும் வயலுக்கும் பொறுப்பான வட்டவிதானை பக்கீர் முகைதீனுக்கு வேர்த்துக் கொட்டியது. குளக்கட்டை ஆளுக்கொரு பங்காகப் பிரித்திருக்கிறது. அவரவர் பங்குக்கு வருசா வருசம் புது மண் போட வேண்டும் என்பது வழமை. போட்டதாக நாங்கள் பெருவிரல் வைப்போம், பார்த்ததாக அவர் ஒப்பம் வைப்பார்.

"கைபடாத மண்ணா? வருசா வருசம் மண் போடுற கட்டு ஐயா. கடதாசி இரிக்கி."

துரை பாசியைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். முத்திரை இருந்தது கடதாசியில்தான். "அப்படியானால் இது புது மண்ணில் வளரும் இனம்" என்று எழுதிக்கொண்டார்.

கட்டு முழுக்கப் பாசி. கைம்பெண் றஹீமா ராத்தாட பங்கில் மட்டும் ஒரு பொட்டும் இல்லை.

"இங்கே ஏன் இல்லை?"

"மண் போட்டா எங்கால ஐயா பாசி வாற?" என்று கேட்டா ராத்தா.

"மற்றவர்களும் போட்டிருக்கிறார்களே!" துரை எங்கள் பக்கம் திரும்பினார். "போட்டீர்களா?"

"ஓம் ஐயா!" ஆமீன் சொல்லும்போதுகூட எங்கட குரல் அப்படி ஒத்து வராது.

ஆகவே றஹீமா பாசியை அழித்தவள். அவட பங்கில் அது திரும்பப் படரும்வரை கட்டில் ஒருவரும் மம்பட்டி வைக்கப்படாது என்று உத்தரவானது.

"பக்கத்துப் பங்கு கசியிது ஐயா. கீழ என்ட வெள்ளாம, புள்ளைகள்ற சோறு! ரெண்டு கூடை மண் போட உடுங்க."

"பாசி வரட்டும், பார்ப்போம்."

பக்கத்துப் பங்கு என்னுடையது. நான் வானத்தைப் பார்த்தபடி நின்றேன்.

கார்த்திகை மழையில் என்ட பங்கு உடைந்தது. ராத்தாட வெள்ளாமை முழுக்க மணலுக்குள் போனது. அவட பங்கு மட்டும் உடைப்புக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது.

துரை விசாரணைக்கு வந்தார். "உடைந்த பங்கில் பாசி இருந்தது. ஆகவே அது புது மண், ஆகவே பலமானது. குற்றம் பாசி இல்லாத பங்கில்தான்."

ராத்தா சேற்றில் நின்று என்னைப் பார்த்தா. "அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. உன்ட பங்குக்கு எப்பயாச்சும் ஒரு கூடை மண் போட்டியா?"

எனக்கு வெக்கமாகத்தான் இருந்தது.

"வருசா வருசம் ராத்தா" என்று பெருவிரலை நீட்டினேன். வட்டவிதானை மை தடவினார்.