வேப்பமரத்தடி ஸ்கூட்டி

"பேசாம மனுவ வாபஸ் வாங்கிடு அனு. போலீஸ்காரங்களோட இன்னாத்துக்கு வம்பு?" என்றான் கணவன் ஜெகதீசன்.

"திருடன் எட்த்துகினு போன என் ஸ்கூட்டிய போலீஸ் புடிச்சாங்க. போலீஸ்கிட்டருந்து அத்த யாரு புடிக்கறது? நாந்தான்!" என்றாள் அனுசுயா.

அந்த ஸ்கூட்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. கேட்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் தசரதன், "நாளைக்கு வாம்மா" என்றார். அந்த நாளை வரவே இல்லை. அப்போதுதான் புதிதாக ஒரு பதவி அறிவித்தார்கள்: காவல் குறைதீர்ப்பாளர். வட்டாரத்து ஸ்டேஷன்களைக் கேள்வி கேட்க, புகார்களை விசாரிக்க, மக்களே ஓட்டுப் போட்டு ஓர் ஆளை அனுப்பலாம். அனுசுயா மனு போட்டுவிட்டாள். கள்ளிக்குப்பத்தில் அவள் தெருவைத் தாண்டி யாருக்கும் அவளைத் தெரியாது என்பதுதான் குறை.

ஆட்டோவில் மைக் கட்டிக் கிளம்பினாள். அடுத்த தெருவிலேயே கான்ஸ்டபிள் யுவராணி வழிமறித்து, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, பர்மிஷன் இல்லாத மைக். வுட்டா நம்மள எவன் மதிப்பான்?"

ஆட்டோவும் போய் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றது.

"ஸ்கூட்டி ஏற்கெனவே அங்க கீது. இப்ப ஆட்டோவும் போச்சா?" ஜெகதீசன் தலையில் அடித்துக்கொண்டான்.

அனுசுயா தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு நடந்தே போனாள். பின்னால் தெருப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"ஐயா, இது சட்டவிரோதக் கூட்டம். உள்ள போட்டாத்தான் அடங்கும்" என்றாள் யுவராணி.

தசரதனுக்கு மீசை துடித்தது. அத்தனை பேரையும் வேனில் ஏற்றி, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்.

அங்கேதான் வினை. மண்டபத்தில் மைக் இருந்தது. பாடி மேம்பாலத்தருகே மறியல் செய்து கைதான தொழிலாளர் கூட்டமும் சாயங்காலம் வரை பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தது. அனுசுயா மணமேடை ஏறினாள்.

"பூட்டி வெச்சா வாய மூடிக்குவேனா? காக்கிச் சட்டையும் கேள்விக்குப் பதில் சொல்லணும். என் வண்டி வராம நான் வுட மாட்டேன்!"

கைதட்டலில் மின்விசிறியே ஆடியது. மதியம் போலீஸ் செலவில் புளிசாதம் வந்தது. யுவராணியே வாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் துன்னுங்க" என்று பரிமாறினாள்.

உடனே, தேர்தலில் அவளை எதிர்த்து நின்ற வேலுசாமி, ஓட்டுக்குச் சோறு போடுகிறாள் என்று புகார் கொடுத்தார். மனு தள்ளுபடியாகும் நிலை.

"சோறு போட்டது யாருன்னு இன்ஸ்பெக்டரையே கேளுங்க" என்றாள் அனுசுயா, தேர்தல் அதிகாரியிடம்.

தசரதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாங்கதான் போட்டோம்" என்றார். திருநின்றவூர் ரயில் வரை அந்தப் பேச்சுதான், அந்தச் சிரிப்புதான்.

ஜெயித்தாள். மாலையைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, "சாவி" என்று கையை நீட்டினாள். தசரதன் எழுந்து நின்று கொடுத்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

வெளியே யுவராணி ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோவப் புடிச்சதும் நீ, உள்ள போடச் சொன்னதும் நீ. மொத விசாரணையே ஒன் மேலதான்!"

யுவராணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

"பண்ணுங்கக்கா. ஆனா அதுக்கு மின்ன எங்க புகார எட்த்துக்கங்க. இந்த ஐயா தீபாவளிக்குக்கூட எங்களுக்கு லீவு தரல. ஒங்கள யாருக்குமே தெரியலன்னுதானே, நாங்க புடிச்சிப் புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டினோம்!"