மதிலில் விட்ட மூன்றடி

கல்முனை,
12.07.2009

அன்புள்ள றஸாக் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் அல்லாஹ் உங்களுக்கு நிழல் தரட்டும். மதில் விசயத்தைத் தவிர எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. பெருநாளைக்கு வரும்போது நீங்கள் உம்மாவோடு கொஞ்சம் கண்டிப்பாகக் கதைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத்திட்டத்தில் நடப்பதற்கு இனிய வீதி எது என்று போட்டி வைத்தார்கள். சண்டை முடிந்ததால் இப்போது மஃரிப் தொழுது இருட்டிய பிறகும் ஆட்கள் நடக்கிறார்கள், ஆனால் வீதியில் ஒரு மரமில்லை. முன்மதில் உயரமாக இருந்தால் நடப்பவருக்குச் சிறைக்குள் போவது போலிருக்கும் என்று பாடசாலை நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்தேன். வாப்பாவிடம் இடுப்பளவு கேட்டு வாதாடி, நெஞ்சளவுக்குச் சம்மதம் வாங்கினேன். வீதியோரம் பன்னிரண்டு வேப்பங்கன்றுகள் நட்டேன். கேடு வந்தது பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவிலுள்ள மதிலால். அதில் உம்மா மூன்றடி இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னா. கடற்கரை வீட்டில் நமக்கும் அஸீஸா சாச்சிக்கும் நடுவிலிருந்த கிடுகு வேலியில் ஒரு கடப்பு இருந்ததே, அது போல. உங்களுக்குத்தான் தெரியுமே, சாச்சி அதில் பக்கவாட்டாக நுழைந்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு கிடுகைக் கழற்றிக்கொண்டுதான் வருவா. கட்டிக் கட்டி வாப்பா களைத்துப் போனார். சுனாமியில் சாச்சியும் போய், வேலியும் போய், இப்போது அந்தப் பக்கம் இருப்பது முன்பின் தெரியாத சல்மா உம்மா. உம்மா விட்ட வழியால் வருவது அவவின் ஆடு மட்டும்தான். அது நம் முற்றத்தைக் கடந்து, கேற்றால் வெளியேறி, ஒன்பது கன்றுகளைத் தின்றுவிட்டது. மிச்சத்துக்கு மீன்வலை சுற்றினேன். நடுவர்கள் வந்த நாளில் அது வலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு கன்றோடு, அவர்களுக்கு முன்னால் வீதி முழுக்க நடந்தது. "நடக்கிறதுக்கு இனிய வீதிதான், ஆடே சொல்லுது" என்று ஒருவர் எழுதிக்கொண்டார். முறையிடப் போனால் சல்மா உம்மா, "என்ட ஆட்டுக்கு வழி விட்டது உன்ட உம்மாதானே புள்ள" என்கிறா. உம்மாவிடம் சொன்னால், "அது கெடக்கட்டும் மகள்" என்பதோடு சரி. வீட்டில் எல்லோரையும் அளந்து பார்த்தேன், ஒன்றரை அடி தாராளம். அதையாவது குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பா.

உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் ஐந்து நேரமும் துஆக் கேட்கும்,
மருமகள் அம்ஹா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மேசன் மசூர் காக்கா வந்தார். ஒன்றரை அடியாக்கித் தாங்க என்று அளவுநாடாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மதில் கட்டின அன்று உம்மா அடிக்கணக்கு சொல்லவில்லையாம், இரண்டு கையையும் விரித்து "இவ்வளவு" என்றாவாம்.

"ஆருகா அவ்வளவு பெரிய ஆள் என்டு கேட்டன் புள்ள. 'என்ட தங்கச்சி. அவ வேலியக் கழட்டிக்கிட்டு வாறவ, மதில் கழறாதே' என்டா. அவ விரிச்ச அளவுக்கே கல்லு வெச்சன்."

மாமா, நீங்கள் உம்மாவோடு ஒன்றும் கதைக்க வேண்டாம். மூன்றடி அப்படியே இருக்கட்டும். ஆட்டுக்கு நான் வேறு வழி பார்க்கிறேன்.