கண்ணாடி வேனும் ‘மியாண்டர்’ என்ற வினைச்சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், மாத்திரை அட்டை முதல் மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டு வரை ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் தலையில்தான் விழும்.

அப்பா ஜன்னல் கண்ணாடி கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். போன வாரம் குழாய் பதிக்க மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கண்ணாடி ஏற்றிய வண்டியை அவர் பள்ளத்தில் இறக்கவே மாட்டார். சந்து சந்தாகச் சுற்றிப் போனதில் தாமதமாகிவிட்டது. ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை. ஆனாலும் மேனேஜர், “ஏன் லேட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, ஹெட் ஆபீஸ் கேக்குது” என்றுவிட்டார். ரோடு சரியில்லை, சுற்றிப் போனேன் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. “என்னம்மா இது, அஞ்சாங்கிளாஸ் புள்ள எழுதுன மாதிரி? இதுக்கா காலேஜ் போன?” என்று, அன்றைக்கு உங்கள் ‘தினம் ஒரு சொல்’ பகுதியில் வந்திருந்த ‘மியாண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை விரலால் தட்டிக் காட்டினார். அர்த்தம், வளைந்து நெளிந்து செல்லுதல். “இதப் போடு. அசந்துடுவான்.”

“அதுல ஊர் சுத்துற வாடையும் அடிக்குதுப்பா. அவசரமே இல்லாம போறவங்களுக்குச் சொல்றது.”

“நான் என்னிக்கு அவசரமா ஓட்டியிருக்கேன்? போடு.”

போட்டேன். மேனேஜர் அசந்துதான் போனார். “வேலை நேரத்துல உல்லாசமா சுத்துனேன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்கீங்களேண்ணே!” என்று வேன் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது அப்பா குடோனில் உட்கார்ந்து, கண்ணாடிகளுக்கு நடுவே பழைய பேப்பர் செருகுகிறார். அம்மாவிடம், “எம்பொண்ணு இங்கிலீஷப் பாத்து அவனுக்குப் பொறாமை” என்கிறார். பிறகு சாப்பாடு வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நீங்கள் அந்தச் சொல்லுக்கு உதாரணமாக ஒரு நதியைப் போட்டிருந்தீர்கள். நதிக்கு மேனேஜர் கிடையாது, ஐயா.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எதையும் கேட்கவும் எழுதவில்லை. நீங்களும் உங்கள் பகுதியும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேன் டிரைவர் மகள்

பி.கு.: கேட்கத்தான் எழுதினேன். மேனேஜர் டீ குடிக்கும்போது உங்கள் பகுதியைத்தான் படிப்பாராம். அந்தச் சொல்லை இன்னொரு தடவை போட்டு, உதாரணத்துக்கு இதைச் சேர்ப்பீர்களா: ‘சாலை உடைந்து கிடந்ததால் ஓட்டுநர் சந்துகளில் வளைந்து வளைந்து ஓட்டி, கண்ணாடிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்.’ அடுத்த வாரம் புது டிரைவர் வருகிறாராம். அதற்குள் போட்டால் நல்லது.