மஞ்சள் பூசிய கோட்

லிட்கம், சிட்னி
29.1.76

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சிவபாலன் அவர்களுக்கு,

இங்கே நானும் உமது தங்கை யோகாவும் சுகம். உமது புத்திமதியும் சுகமாய் அலுமாரியில் தொங்குகிறது.

"வெள்ளைக்காரன் முதலில் கோட்டைத்தான் பார்ப்பான், படிப்பைப் பிறகுதான் பார்ப்பான், அளந்து தைப்பிச்ச கம்பளிக் கோட் இல்லாமல் இன்ரவியூவுக்குப் போகாதையும்" என்று லண்டனிலிருந்து எழுதினீரே, அந்தப் பொன்மொழியை நம்பி, எட்டு மாதமாய் பிஸ்கற் ஃபக்ரரியில் பெட்டி ஒட்டுகிற இந்த எஞ்சினியர், தண்ணிக் குழாய்க் கந்தோர் ஒன்றிலிருந்து இன்ரவியூக் கடிதம் வந்த கையோடு, லண்டனில் தொழில் பழகிய ஒரு தையல்காரத் துரையிடம் ஓடினான். துரை ஒரு மணித்தியாலம் என்னை அளந்துபோட்டு, "இடது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்றார். என்னைப் பெத்த தாய்க்கே தெரியாத குறை! மூன்று தரம் போட்டுப் பார்க்க வேணுமாம். முதல் தரம் கோட்டுக்குக் கையே இல்லை. இரண்டாம் தரம் ஒரு கை, உடம்பெல்லாம் வெள்ளை நூலோட்டம். மூன்றாம் தரம் எல்லாம் இருந்தது, எனக்கு மூச்சு விடத்தான் இடமில்லை.

நேற்று இன்ரவியூ. வெளிக்கிடேக்கை உமது தங்கை மஞ்சள் கிண்ணத்தோட வந்து நிக்கிறா. "புது உடுப்பு, மஞ்சள் பூசாமல் போடுறதோ?" "சரியப்பா, உள்பக்கமாய்ப் பூசும்" எண்டன். "உள்ளுக்குப் பூசினால் பிள்ளையாருக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கொலரிலேயே அப்பிவிட்டா! துடைக்கத் துடைக்க உள்ளங்கை அளவுக்குப் பரவிச்சுது.

வெளியில நூற்றிரண்டு டிகிரி வெயில். கந்தோருக்குள்ள போனால், மூண்டு பெரிய மனுசர் அரைக்காற்சட்டையும் முழங்கால் மட்டும் கால்மேசும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி இருக்கினம். உமது வெள்ளைக்காரன் கோட்டைப் பாத்தான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. "செத்தவீட்டுக்குப் போற வழியோ?" எண்டு கேட்டான். கோட்டைக் கழட்டச் சொல்லிச்சினம். எப்பிடிக் கழட்டுறது? சேட்டில கோட்டுக்கு வெளியில தெரியிற இடத்தை மட்டும்தானே உமது தங்கை அயன் பண்ணினவ! குழாயைப் பற்றிக் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் மறுமொழி சொன்னனான், ஆனா வேர்வையோட மஞ்சள் சேட்டுக்கும் இறங்க, ஆறு கண்ணும் என்ரை கொலரில. மச்சான், பகிடியை விட்டிட்டுச் சொல்லுறன், வரேக்கை றெயிலில அழுதிட்டன். பெட்டி ஒட்டவோ பேராதனைக் கம்பஸில படிச்சனான்?

கோட்டை உமக்குப் பாசலில அனுப்புறன். நல்லூர்க் கந்தன் அருளால நீர் அதைப் போட்டுக்கொண்டு நீடூழி வாழ வேணும்.

உமது புத்திமதியில் புழுங்கி வெந்த,
அரியரத்தினம்

பி.கு: முத்திரை வாங்க மறந்து இந்தக் கடிதம் ஐந்து நாள் மேசையில் கிடந்தது. வேலை கிடைச்சிட்டுது, மச்சான்! அந்த மூண்டு பேரில தலைவரே ரெலிபோன் எடுத்தார். "குழாய் வேலை உமக்கு நல்லாத் தெரியுது, ஆனா கோட்டைக் கண்டோடன, இவர் ஆரோ பெரிய துரை, எங்களோட ஒத்துவராது எண்டு பயந்தனாங்கள். கொலரில அந்த மஞ்சள் கடுகுச் சோஸைக் கண்டாப் பிறகுதான், வழியில நிண்டு சொசேஜ் திண்டிட்டு வாற எங்கடை ஆள் எண்டு விளங்கிச்சுது" எண்டார். பிறந்ததிலிருந்து சைவமான நான், "ஓம், நல்ல ருசி" எண்டன். பாசல் வராது. மேலே எழுதினதெல்லாத்தையும் வெட்டிப்போட்டு வாசியும். திங்கட்கிழமைக்கு மூண்டு அரைக்காற்சட்டை வாங்கியாச்சு. யோகா இப்ப மஞ்சள் பூசுறா. வெளிப்பக்கமாய்ப் பூசச் சொன்னது நான்தான்.