சாம்பிள் இல்லாத ஆபரேஷன்

"சாம்பிள் காட்டுங்க டாக்டர்" என்றான் இளம்பரிதி.

டாக்டர் கௌசர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சாம்பிள்?"

"நீங்க ஏற்கனவே தைச்ச வயிறு. ரெண்டு விதத்துலயும் ஒண்ணு ஒண்ணு."

டாக்டருக்குத் திறந்த வாயை மூடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத்தான் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் உள்ளே போனால் போதும், விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பித்தப்பையை எடுத்துவிட வேண்டியதுதான். வயிற்றைக் கிழித்தும் எடுக்கலாம், நாலு சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டும் எடுக்கலாம்.

"இவங்களுக்குத் துளையே போதும். ஆனா தள்ளிப் போடாதீங்க. கல்லு குழாய்ல அடைச்சுட்டா மஞ்சக்காமாலை வரைக்கும் போயிடும். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எனக்கு..." என்று ஆரம்பித்தாள் மேகலா.

"நீ இரு. அவசரப்பட்டு ஓகே பண்ற வேலையா இது?" என்றான் இளம்பரிதி.

அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்கர். அங்கே வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஷூ கண்ணெதிரே தொங்கினால்தான் மிஷினே ஓடும். ஊசி ஒரு இழை தள்ளி இறங்கியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஒரு ஜோடி ஷூவுக்கே இவ்வளவு என்றால், கட்டிய மனைவியின் வயிற்றுக்கு? அவளைக் கத்திக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் சாம்பிள் கேட்டான்.

டாக்டர் முடியாது என்றுவிட்டதால் தானே தேடக் கிளம்பினான்.

கட்டிங் செக்‌ஷன் முக்தார் அகமதுவுக்குக் கிழித்துத் தைத்திருந்தார்கள். கேன்டீனில் அவர் சட்டையைத் தூக்க, இளம்பரிதி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வயிற்றில் வைத்தான்.

"ஐயையோ! இன்னா பாய், இஞ்சுக்கு மூணே தையல்! அதுவும் கோணல். இது எக்ஸ்போர்ட்டுக்குப் போவாதே!"

"நான் எதுக்குப்பா எக்ஸ்போர்ட் ஆவணும்? ஆம்பூர்லயே இருந்துக்கறேன்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார் முக்தார்.

கிழிப்பது ரிஜெக்ட். அடுத்தது, துளை போட்டுக்கொண்ட பேக்கிங் ஜோசுவா. பனியனைத் தூக்கினால் வயிற்றில் ஒன்றையும் காணோம்.

"எங்கடா?"

"இங்கதாண்ணா எங்கியோ இருந்துச்சு."

இளம்பரிதி செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினான். அதிர்ந்து போனான். "தையலே இல்லியே! உள்ள வேலை நடந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கண்ணால பாத்தியா?"

"நான் மயக்கத்துல இருந்தேண்ணா..."

ஜோசுவாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அரை நாள் லீவு போட்டுக் காட்பாடிக்கு ஓடி ஸ்கேன் எடுத்தான். பித்தப்பை இல்லை என்று வந்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது. இளம்பரிதிக்கு மட்டும் திருப்தியில்லை. ஒரு பீஸைப் பார்த்து மொத்த லாட்டையும் ஓகே பண்ண முடியுமா? துளை போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் வீட்டுக்கு வந்து காட்டட்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. குடல்வால் எடுத்தவர், மாடு முட்டியவர், எதற்கென்றே தெரியாமல் சட்டையைக் கழற்றி நின்றவர். எல்லாருக்கும் முன்னால் எதிர்வீட்டு எல்லம்மா.

"எனுக்கு சிசேரியன் ரெண்டு தபா. ஆனா ஒரே கோடுதான். பாக்கறியா தம்பி?"

"வேணாங்க்கா!" என்று அலறிக் கதவைச் சாத்தினான்.

உள்ளே மேகலா ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பேஜாரா இருக்குங்க. பள்ளிகொண்டாவுல அக்கா வூட்ல நாலு நாள் இருந்துட்டு வர்றேன்."

"தாராளமா போய்ட்டு வா. நீ வர்றதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிடறேன்."

நாலு நாள் என்று போனவள் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தாள். படியேறும்போது மெதுவாக ஏறினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டான். முடிவு இன்னும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் அவள் மிளகாய் பஜ்ஜி தின்பதைப் பார்த்தவன் பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கினான்.

"உசுரு மேல ஆசையே இல்லியா உனக்கு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. குடுங்க அத."

வலியை மறைக்கிறாள்! தான் தாமதம் செய்ததால் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான்.

"துளைதான். நாளைக்கே டாக்டரைப் பாக்கறோம்."

"நாளைக்கு நானும் அங்க போவணும்னுதான் இருந்தேன்" என்றாள் மேகலா.

மறுநாள் டாக்டரின் மேஜையில் ஸ்கேலை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான் இளம்பரிதி.

"ஓகே டாக்டர், துளையே போடுங்க. ஆனா நாலும் ஒரே சைஸா இருக்கணும். நூல் தோல் கலர்ல இருக்கணும். ஃபைனல் செக்கிங்குக்கு நான் உள்ள வருவேன்."

டாக்டர் மேகலாவைப் பார்த்தார். மேகலா மின்விசிறியைப் பார்த்தாள்.

மருந்துத் தட்டோடு உள்ளே வந்த நர்ஸ் நிஷா அவன் பேச்சைக் கேட்டு வாசற்படியிலேயே திகைத்து நின்றாள்.

"இன்னா சார் சொல்றீங்க, அக்காவுக்குப் பித்தப்பைய எடுத்து ஒரு மாசம் ஆவுது, ஊர் வயித்தையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்தீங்களாமே, வூட்ல ஒரு தபா பாக்கலியா?"